மருந்து வெளியேறும் வழி

(திண்டுக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? பாலோடு சாப்பிடலாமா? காபி குடித்த பிறகு போடலாமா? எல்லாமே மருந்து உள்ளே போவதைப் பற்றிய கேள்விகள். அது எப்படி வெளியே வரும் என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை. ஆனால் சீட்டில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்விக்கான விடையை வைத்துத்தான். சில மணி நேரத்தில் கழிந்துவிடும் மருந்தை நாளைக்கு மூன்று நான்கு வேளை தரவேண்டும். மெல்லக் கழிவதை ஒரு வேளை தந்தால் போதும். அதைக் கணக்கில் கொள்ளாமல் கொடுத்தால் மருந்து போதாமல் போகும், அல்லது சேர்ந்து சேர்ந்து நஞ்சாகும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே மருந்து எல்லோர் உடம்பிலிருந்தும் ஒரே வேகத்தில் கழிவதில்லை. அந்த வேகம் பலருக்குப் பிறப்பிலேயே வித்தியாசமாக அமைந்துவிடுகிறது. தென்னிந்தியாவின் ஏழை நோயாளிகளிடம் இதை ஒழுங்காக அளந்து, அந்த அளவால் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்று உலகுக்குச் சொன்ன ஆய்வுகள் நம் சென்னையில், சேத்துப்பட்டில் நடந்தன. இன்றைய பேச்சின் நடுத்தூண் அதுதான். அங்கே போவதற்கு முன் கொஞ்சம் வேதியியல் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் விழுங்கும் மருந்து ரத்தத்துக்குள் போகவேண்டுமானால் குடல் செல்களின் சவ்வைக் கடக்க வேண்டும். அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. ஆகவே கொழுப்பில் ஓரளவு கரைகிற பொருளே எளிதாக உள்ளே போகும். உள்ளே நுழைய உதவிய அதே குணம்தான் வெளியேறும்போது தடையாக நிற்கிறது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் நாம் சிறுநீராகக் கழிப்பது ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சம் எல்லாம் சிறுநீரக நுண்குழல்களின் சுவர் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. நீர் திரும்பும்போது, கொழுப்பில் கரையும் மருந்தும் சவ்வைக் கடந்து கூடவே திரும்பிவிடும். இப்படியே விட்டால் சில மருந்துகள் மாதக்கணக்கில் உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எண்ணெய் பிடித்த தலையை வெறும் தண்ணீரில் அலசினால் போகாது, சீயக்காய் வேண்டும். கல்லீரல் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதான். மருந்தின் மூலக்கூறோடு நீரை விரும்பும் ஒரு சிறு பொருளை அது வேதிப் பிணைப்பால் சேர்த்துவிடுகிறது. இதை இணைப்பு வினை என்கிறோம். சேர்ப்பதற்கு உடம்பு சொந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கும் பொருள்கள் சில உண்டு. குளுக்கோஸிலிருந்து செய்துகொள்ளும் குளுகுரோனிக் அமிலம், கந்தகத்திலிருந்து வரும் சல்பேட், கிளைசின் என்னும் அமினோ அமிலம், குளுட்டாதயோன், அசிட்டைல் தொகுதி. சில மருந்துகளில் இவை ஒட்டுவதற்கு இடமே இருக்காது. அப்போது கல்லீரல் முதலில் ஆக்சிஜனைச் சேர்த்து ஒரு பிடிமானத்தை உண்டாக்கி, பிறகு ஒட்டும். பாராசிட்டமால், மார்பின் போன்றவற்றுக்கு அந்தப் பிடிமானம் முன்பே இருக்கிறது.

குளுகுரோனிக் அமிலம் ஒட்டியதும் மூலக்கூறுக்கு எதிர்மின்னேற்றம் வந்துவிடும். மின்னேற்றம் கொண்ட பொருள் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்காது. சிறுநீரகக் குழலுக்குள் வந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை, வெளியேதான் போகவேண்டும். கல்லீரல் செல்லை விட்டு வெளிவரவும் அதற்குத் தனி வழி தேவை. அதற்கென்றே புரதங்கள் இருந்து அதைப் பித்தநீருக்கோ ரத்தத்துக்கோ தள்ளிவிடுகின்றன. பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் பித்தநீர் வழியாகக் குடலுக்கும், சிறியவை ரத்தம் வழியாகச் சிறுநீருக்கும் போகின்றன.

உடம்புக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று முதலில் தெரியவந்ததே சிறுநீரிலிருந்துதான். 1842-ல் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளரின் ஆய்வகத்தில் கெல்லர் என்ற இளைஞர் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கினார். பிறகு தன் சிறுநீரைச் சோதித்தபோது அதில் ஹிப்பூரிக் அமிலம் கிடைத்தது. அது பென்சாயிக் அமிலத்தோடு கிளைசின் சேர்ந்த பொருள். ஊறுகாயும் பழச்சாறும் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டை நாம் இன்றும் அதே வழியில்தான் கழிக்கிறோம். 1879-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஷ்மீடபெர்க், மேயர் இருவரும் நாய்களுக்குக் கற்பூரம் கொடுத்து, அவற்றின் சிறுநீரில் குளுகுரோனிக் அமிலம் ஒட்டிய கற்பூரத்தைக் கண்டெடுத்தார்கள். நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரத்திலிருந்து அறிவியலுக்கு இப்படி ஒரு வெளிச்சமும் கிடைத்தது.

ஆனால் குளுகுரோனிக் அமிலம் ஒட்டிய ஒரு பொருளை அதற்கு முன்பே உலகம் பார்த்து ரசித்திருந்தது, என்னவென்று முழுதாக அறியாமலே. பீகாரில் முங்கேர் அருகே மிர்சாபூர் என்ற சிற்றூரில், பால்காரர்கள் பசுக்களுக்கு மாவிலையைத் தின்னக் கொடுத்து, அவற்றின் மூத்திரத்தைக் காய்ச்சி, ஒரு மஞ்சள் சாயத்தை எடுத்தார்கள். அது உருண்டைகளாகக் கல்கத்தா போய், அங்கிருந்து கப்பலேறி, ஐரோப்பிய ஓவியர்களின் வண்ணப் பலகைக்குச் சென்றது. 'இந்திய மஞ்சள்' என்று அதற்குப் பெயர். 1883-ல் டி.என். முகர்ஜி என்பவர் அந்த ஊருக்கே போய்ப் பார்த்து லண்டனுக்கு எழுதினார். அந்தக் கதையைப் பின்னாளில் சிலர் சந்தேகித்தார்கள். அவர் அனுப்பிய மாதிரியை அண்மையில் நவீனக் கருவிகளில் ஆராய்ந்தபோது, அது மூத்திரத்திலிருந்தே வந்தது என்பதற்குச் சான்று கிடைத்தது. மாவிலையிலுள்ள மாஞ்சிஃபெரின் என்ற பொருளைப் பசுவின் உடம்பு மாற்றி, குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டிக் கழித்ததுதான் அந்த மஞ்சள். அதே மாஞ்சிஃபெரின் நம் நத்தத்து மாந்தோப்பு இலைகளிலும் உண்டு. பச்சைப் புல்லும் வைக்கோலும் இல்லாமல் மாவிலையே தின்ற அந்தப் பசுக்கள் மெலிந்து கிடந்தன என்பதையும் முகர்ஜி எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இணைப்பு வினை சரியாக நடக்காதபோது என்ன ஆகும்? நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கிற ஒன்று பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை. சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் கொழுப்பில் கரைகிற பொருள். அதைக் கழிப்பதும் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டித்தான். பிறந்த சில நாட்கள்வரை அப்படி ஒட்டும் நொதி போதிய அளவில் இருப்பதில்லை. அதனால் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அரசு மருத்துவமனையில் குழந்தையை நீல விளக்கின் கீழே படுக்க வைக்கிறார்களே, அந்த ஒளி தோலிலுள்ள பிலிருபினின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மாறிய வடிவம் எதுவும் ஒட்டாமலே பித்தநீரிலும் சிறுநீரிலும் கரைந்து போய்விடும். கல்லீரல் இன்னும் கற்றுக்கொள்ளாத வேலையை ஒளி சில நாளுக்குச் செய்து தருகிறது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் கைகால் வரை இறங்கிவிட்டால் வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அளவு மீறிய பிலிருபின் மூளையில் படிந்தால் ஏற்படும் சேதம் திரும்பச் சரியாகாது.

இதே நொதி முதிராததை அறியாமல் மருந்து கொடுத்ததால் பச்சிளங்குழந்தைகள் இறந்ததும் உண்டு. டைபாய்டுக்குத் தரப்பட்டுவந்த குளோராம்பெனிகால், பெரியவர் உடம்பில் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து கழிந்துவிடும். 1950-களில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு அதைக் கிலோ கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் மருந்து கழியாமல் ரத்தத்தில் ஏறி ஏறி, குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. 1959-ல் காரணம் வெளிவந்தது. எடைக்குத் தக்க அளவு என்பது போதாது, கழிக்கும் திறனுக்குத் தக்க அளவு வேண்டும் என்று மருத்துவ உலகம் கற்றது அப்போதுதான்.

பாராசிட்டமாலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது, ஏனென்றால் அது இல்லாத வீடு நம் மாவட்டத்தில் இல்லை. சாதாரண அளவில் சாப்பிட்டால் அதன் பெரும்பகுதி குளுகுரோனிக் அமிலமும் சல்பேட்டும் ஒட்டி அமைதியாக வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் வேறு வழியில் போய்க் கடுமையான நஞ்சாக மாறும். அந்த நஞ்சைக் குளுட்டாதயோன் பிடித்துக்கொள்ளும். அளவு மீறும்போது முதலில் சல்பேட் கையிருப்பு தீர்கிறது. அதனால் நஞ்சாகும் பங்கு கூடுகிறது. பிறகு குளுட்டாதயோனும் தீர்ந்துபோய், நஞ்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்குகிறது. முதல் நாள் வாந்தி தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றுவது. குளுட்டாதயோனை மறுபடி உண்டாக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் உயிரைக் காக்கும். வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராம் என்பது உச்ச எல்லை. மெலிந்தவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே. காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று, உடம்புவலி மாத்திரை ஒன்று என்று மூன்று அட்டைகளை வாங்குகிறவர், மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது சென்னைக்குப் போவோம்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மதுரையிலும் அதற்குக் கிளை உண்டு. தொடக்கத்தில் அதை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். நெரிசலான குடிசையில் இருந்துகொண்டு, வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மருந்தை மட்டும் ஒழுங்காக எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று 1959-ல் அந்த மையம் நிரூபித்தது. சானடோரியத்தில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கு அந்த முடிவு உயிர் கொடுத்தது.

அந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு ஐசோனியாசிட். 1952-ல் காசநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்த மருந்து. விலை மலிவு, வீரியம் அதிகம். உடம்பு இதைக் கழிப்பது முக்கியமாக அசிட்டைல் தொகுதியை ஒட்டி. அந்த வேலையைச் செய்யும் நொதி கல்லீரலில் இருக்கிறது. அதன் மரபணு எட்டாவது குரோமோசோமில் இருப்பது தெரிந்ததும், அதற்கு என்.ஏ.டி.2 என்று பெயரிட்டதும் பின்னாளில். அப்போது தெரிந்திருந்தது இதுதான்: சிலருக்கு மருந்து வேகமாகக் கழிகிறது, சிலருக்கு மெதுவாகக் கழிகிறது. வேகமானவர்களின் ரத்தத்தில் ஐசோனியாசிட் பாதியாகக் குறைய ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதும். மெதுவானவர்களுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இடைப்பட்டவர்களும் உண்டு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மெதுவான மரபணு வந்தால் பிள்ளை மெதுவானவர். ஜப்பானியரில் மெதுவானவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். எகிப்தியரில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல்.

நம்மவர்கள் எந்தப் பக்கம்? பி.ஆர்.ஜே. கங்காதரமும் பாட்டியாவும் ராதாகிருஷ்ணாவும் செல்கனும் இதை அளந்து 1961-ல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத காலம். நோயாளிக்கு எடைக்கேற்ற அளவில் ஊசி போட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்து ரத்தம் எடுத்து, அந்த ரத்தநீர் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை எந்த அளவுவரை தடுக்கிறது என்று பார்த்தார்கள். கிருமியைக் கொண்டே மருந்தை அளக்கும் அந்த முறைக்குத் தேவைப்பட்டது எவ்வளவு பொறுமை என்பதை ஆய்வகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். தென்னிந்திய நோயாளிகளில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் மெதுவாகக் கழிப்பவர்கள் என்று தெரிந்தது. இந்த அரங்கில் நூறு பேர் இருந்தால் அறுபது பேர் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். அதை நாம் உணரவே மாட்டோம், ஏனென்றால் அது நோயல்ல. ஐசோனியாசிட் போன்ற ஒரு மருந்து உள்ளே போகும் நாளில்தான் அது வெளிப்படுகிறது.

எப்படி வெளிப்பட்டது என்பதை தேவதத்தா, கங்காதரம், ஃபாக்ஸ், ராமகிருஷ்ணன், வேலு முதலியோர் 1960-ல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. ஐசோனியாசிட்டை இன்றைய அளவைவிட ஏறத்தாழ இருமடங்காகக் கொடுத்த பிரிவில், சிலருக்குக் கால் பாதத்தில் எரிச்சல், குத்தல், மதமதப்பு தொடங்கியது. நரம்பு அழற்சி. வந்தவர்களில் பெரும்பாலோர் மெதுவாகக் கழிப்பவர்கள். காரணம் இதுதான்: உடம்பில் அதிக நேரம் தங்கும் ஐசோனியாசிட், பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினோடு தானே சேர்ந்து, அதையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போய்விடுகிறது. நரம்பு செல்களுக்கு அந்த வைட்டமின் இல்லாமல் முடியாது. ஏற்கெனவே சத்துக் குறைந்த சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு இந்த இழப்பு சீக்கிரம் தெரிந்துவிடும். எந்த வைட்டமின் தயாரிப்பு இதைத் தடுக்கும், எவ்வளவு வேண்டும் என்று அதே மையம் 1960-களில் தொடர்ந்து சோதித்தது. நாளைக்குச் சில மில்லிகிராம் பைரிடாக்சின் போதும் என்று முடிவு வந்தது. காசநோய் மாத்திரைகளோடு அந்தச் சிறு வைட்டமின் மாத்திரை ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால், சேத்துப்பட்டில் பாதம் எரிந்து தவித்த அந்த நோயாளிகளால் என்று சொல்லுங்கள்.

இந்த ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், கைகால் எரிச்சலுக்கு நம் மக்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். 'மாத்திரை சூடு' என்பார்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட்டோடு தரும் ரிபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதையும் சேர்த்துப் பார்த்து, உடம்பு முழுக்கச் சூடேறிவிட்டது என்று முடிவு கட்டி, மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆரஞ்சு நிறம் மருந்தின் சொந்த நிறம், அதனால் கெடுதல் இல்லை. பாத எரிச்சல் மட்டும் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல, வைட்டமின் அளவைக் கூட்டித் தீர்க்க வேண்டியது. பேகம்பூர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவரும், சின்னாளபட்டித் தறியில் உட்கார்ந்திருப்பவரும் கையையும் காலையும் நம்பிப் பிழைப்பவர்கள். விரல் மரத்துப் போனால் அன்றைய கூலி போகும். அப்படிப்பட்டவரிடம் 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது.

வேகமாகக் கழிப்பவர்களுக்கு ஆபத்தே இல்லையா? உண்டு, வேறு திசையில். மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும், அதற்கு நோயாளி தினமும் வருவது சிரமம் என்பதால், சென்னை மையத்தில் வாரம் இருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். 1964-ல் வந்த முடிவில் அது நன்றாகவே வேலை செய்தது. அந்தத் துணிவில் வாரம் ஒருமுறை என்று குறைத்தார்கள். 1970-ல் வெளியான ஆய்வில் பலன் குறைந்திருந்தது, அதிலும் வேகமாகக் கழிப்பவர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை வரும் மருந்து சில மணி நேரத்தில் போய்விட்டால் கிருமிக்கு அது பெரிய விடுமுறை. இன்று இந்தியாவில் காசநோய்க்குத் தினசரி மருந்து, அதுவும் நான்கு மருந்து சேர்த்துக் கொடுக்கப்படுவதால், குணமாவதில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க, ஐசோனியாசிட்டும் ரிபாபென்டின் என்ற மருந்தும் வாரம் ஒருமுறை பன்னிரண்டு வாரம் தரும் முறை வந்திருக்கிறது. பழைய கேள்வி மறுபடி கதவைத் தட்டுகிறது என்றே நான் கருதுகிறேன்.

ஐசோனியாசிட்டால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பற்றி நீண்ட காலம் தவறான முடிவு நிலவியது. அசிட்டைல் ஒட்டிய ஐசோனியாசிட் உடைந்து அசிட்டைல்ஹைட்ரசின் என்ற பொருள் உண்டாகும். அதுவே கல்லீரலுக்கு ஊறு செய்கிறது. ஆகவே வேகமாக ஒட்டுகிறவர்களுக்குத்தான் கேடு அதிகம் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்த அசிட்டைல்ஹைட்ரசினோடு இன்னொரு அசிட்டைலை ஒட்டித் தீங்கற்றதாக்குவதும் அதே நொதிதான். மெதுவானவர்களிடம் அந்த இரண்டாவது ஒட்டல் தாமதமாகிறது, நஞ்சு அதிக நேரம் தங்குகிறது. கேடு அதிகம் அவர்களுக்கே என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. சாராயம் குடிப்பவருக்கு இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் அசிட்டைல்ஹைட்ரசினை நஞ்சாக்கும் நொதியைக் குடி தூண்டிவிடுகிறது. காசநோய் மாத்திரை சாப்பிடும்போது கண் மஞ்சளானால், பசி போய் வாந்தி வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

ஒட்டினால் நஞ்சு முறிந்துவிட்டது, நீரில் கரைந்து போய்விடும் என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிட முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஐசோனியாசிட் முதலிலேயே நீரில் நன்றாகக் கரையும் பொருள்தான். பழைய சல்பா மருந்துகளுக்கு அசிட்டைல் ஒட்டியபோது, அவை முன்னைவிடக் குறைவாகக் கரைந்து, சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்தன. அந்த மருந்துகளோடு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதன் காரணம் அதுதான். மார்பினோடு குளுகுரோனிக் அமிலம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டினால், வலியைப் போக்குவதில் அது மார்பினையே மிஞ்சும். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அளவுக்கு நம் மாவட்டம் வாய்ப்புகையிலைக்குப் பேர்போனது. வாய்ப்புற்றுநோயின் வலிக்கு மார்பின் தேவைப்படும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருந்தால், ஒட்டிய மார்பின் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, மூச்சையே மந்தமாக்கிவிடும். அளவைக் குறைக்க வேண்டும் அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதற்காக வலி மருந்தே தராமல் விடுவதும் பெரிய கொடுமை.

பெண்கள் கேட்க வேண்டிய ஒன்று. டாக்டர் சௌந்தரம் அம்மையார் காந்திகிராமத்தில் தொடங்கிய பணியால் இந்தப் பகுதி குடும்ப நலத்தில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன்களைக் கல்லீரல் ஆக்சிஜனேற்றியும், சல்பேட்டும் குளுகுரோனிக் அமிலமும் ஒட்டியும் கழிக்கிறது. காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், இந்த வேலைகளைச் செய்யும் நொதிகளில் பலவற்றைப் பெருகச் செய்துவிடும். ஹார்மோன் வேகமாகக் கழிந்து, மாத்திரையை ஒரு நாளும் விடாமல் எடுத்துவந்த பெண் கருவுறலாம். காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொரு இளம்பெண்ணிடமும் இதைத் தனியாக அழைத்துச் சொல்லி, காப்பர்-டி போன்ற வேறு வழியைக் காட்ட வேண்டியது செவிலியரின், மருத்துவரின் கடமை. மாமியாரும் கணவரும் நிற்கும்போது கேட்டால் அவர் வாய் திறக்க மாட்டார்.

2013-ல் ஜப்பானில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. காசநோயாளிகளின் என்.ஏ.டி.2 மரபணுவை முதலிலேயே பார்த்து, மெதுவானவர்களுக்கு ஐசோனியாசிட்டை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், இடைப்பட்டவர்களுக்கு 5, வேகமானவர்களுக்கு 7.5 என்று பிரித்துக் கொடுத்தார்கள். அளவு குறைத்துத் தரப்பட்ட மெதுவானவர்களிடம் கல்லீரல் பாதிப்பு வரவில்லை. வழக்கமான அளவு பெற்ற மெதுவானவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது. ஜப்பானில் மெதுவானவர்கள் மிகக் குறைவு. நம்மிடம் அவர்களே பெரும்பான்மை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வியை அங்கே கேட்டிருக்கிறார்கள். நம் மக்களின் உடம்பை 1961-லேயே அளந்து வைத்த நாம், அதை ஒவ்வொரு நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

மரபணுச் சோதனைக்குப் பணம் வேண்டும் என்பீர்கள். 1980-களில் டொராண்டோவில் வெர்னர் காலோவின் குழுவினர் எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள். காபியிலுள்ள கஃபீன் உடைந்து வரும் பொருள்களில் ஒன்றுக்கு அசிட்டைலை ஒட்டுவதும் இதே என்.ஏ.டி.2 நொதிதான். ஒருவருக்கு ஒரு கோப்பை காபி கொடுத்து, சில மணி நேரம் கழித்து அவர் சிறுநீரில் அசிட்டைல் ஒட்டிய பொருளும் ஒட்டாத பொருளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அவர் வேகமானவரா மெதுவானவரா என்று தெரிந்துவிடும். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இப்போது இந்த ஊரிலேயே இருக்கிறது. தாண்டிக்குடிக் காபியும் இங்கிருந்து மலையேறினால் கிடைக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் ஒவ்வொருவரின் ஒப்புதலோடும் மாணவர்கள் முதலில் தங்களையே சோதித்துக்கொள்ளலாம். பிறகு காசநோய்ப் பிரிவில் சிகிச்சை தொடங்குகிறவர்களிடம் செய்து, யாருக்குப் பாதம் எரிகிறது, யாருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஆறு மாதமும் பின்தொடரலாம். முதலாண்டு மாணவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்ய முன்வந்தால், அளவிடும் முறையை வகுத்துக்கொடுக்க நான் வாரம் ஒருமுறை வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.